பெரியதம்பி சொன்ன கடை

நியாலாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிய பெரியதம்பிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் மலாக்கா டவுனில் எந்தக் கடையில் வாய் வைக்கலாம், எங்கே வைத்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ரப்பர் ஷீட்டுகளை இறக்கிவிட்டு, வெறும் வயிற்றோடு கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்த ஞானம் அது. பாசார் என்கிற சந்தை முனைச் சீனன் கடையில் காப்பி மட்டும் குடி, பலகாரத்தைத் தொடாதே என்பான். கூலிக்காரன் கைக்கு எட்டுகிற விலையா என்பதையும் சேர்த்தே சொல்வான். டவுனுக்குப் போகிற யாரும் அவனைக் கேட்காமல் கிளம்புவதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது வீராசாமியின் சாப்பாட்டுக்கடையை. கப்பல் ஏறி வந்தபின் அப்படி ஒரு ஊர்ச் சாம்பாரை அவன் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அங்கே பலகையும் வாழை இலையும் எல்லாருக்கும் கிடையாது. சாதியில் கீழே என்று தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒதுக்கப்பட்டவர்கள் பின்பக்கக் கொட்டகையில் தரையில்தான் உட்கார வேண்டும். தண்ணீர் காலிப் பால்டின்னில் வரும். பெரியதம்பியும் கீழ் லயம்தான். முதல் நாள் அவனுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு எந்த ஊர், எந்தத் தெரு என்று வீராசாமி கேட்டபோது, பசியில் வாய்க்கு வந்த வேறு ஊரையும் வேறு தெருவையும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு உள்ளேதான் இலை. இந்தச் சங்கதியைப் பற்றி லயத்தில் அவன் மூச்சு விடவில்லை; அந்தக் கடைக்கு யாராவது வழி கேட்டால் மழுப்பிவிடுவான். சாம்பாரைப் புகழாமலாவது இருந்திருக்கலாம், பாழும் நாக்கு கேட்டால்தானே.

மாசிமகத்துக்குச் செங் ஊர்ச் சந்நியாசிமலைக் கோயிலுக்கு வந்த, அதே லயத்தில் இருக்கும் அவன் அக்கா கருப்பாயி, சாமி கும்பிட்ட கையோடு, தம்பி மெச்சிய கடையைத் தேடி டவுனுக்கே வந்துவிட்டாள். அவன் உள்ளே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று வீராசாமி வாசலிலேயே கேட்க, அவள் வெள்ளந்தியாக உள்ளதைச் சொன்னாள். அவர் பெரியதம்பி பக்கம் திரும்பினார்.

"ஒங்க தோட்டமாம். தெரிஞ்சவங்களா?"

"தோட்டத்துல பாத்திருக்கேன்," என்றான் பெரியதம்பி, வாயில் சோற்றோடு.

கருப்பாயி அவனை ஒரு கணம் பார்த்தாள். "ஆமாங்க. வண்டிக்காரவுங்கள நானும் பாத்திருக்கேன்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். தாய் செத்தபின் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் வாயால் 'வண்டிக்காரவுங்க' என்று கேட்டதும் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. செத்தானா? எழுந்துகூடப் போகவில்லை. பாதியில் எழுந்தால் சந்தேகம் வருமே என்று மோர்ச்சோறு வரைக்கும் உட்கார்ந்து தின்றான் மனுஷன்.

லயத்தில் அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், தம்பி சொன்னது பொய்யில்லை, சாம்பார் அருமை என்றாள். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை. அவள் தலையைக் கண்டாலே கூனிக்குறுகிச் சுவரோரமாக ஒதுங்கிப் போனான்.

கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக் காளிமுத்து வந்து நின்றான். புதிதாகக் கட்டிக்கொண்ட ஜானகியை டவுனுக்குக் கூட்டிப் போகிறானாம், கருப்பாயி சாப்பிட்ட அதே கடைக்கு வழி வேண்டுமாம். ஜானகி புதுச்சேலையில் வாசலோரம் நின்றாள். கொஞ்சம் தள்ளிக் கருப்பாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

வழியைச் சொன்னால் இந்தப் பெண் பால்டின்னில் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். பெரியதம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அங்க வேணாம். நம்ம லயத்துக்காரங்கள பின்னால தரையில உக்கார வப்பாங்க. ஆத்தோரம் முத்தலிப் காக்காவோட சாயபு கடைக்குப் போ. அங்க யாரும் எந்த லயம்னு கேக்க மாட்டாங்க."

காளிமுத்துவுக்குப் பாவமாகப் போய்விட்டது. "ஒங்களையுமாண்ணே தரையில வச்சாங்க?"

புடைக்கிற சத்தம் நின்றது.

"என்னைய இல்ல," என்றான் பெரியதம்பி. "அக்காவத்தான் வச்சாங்க. நான் உள்ள எலையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."