எருமைகளுக்காக அடைத்த வாய்க்கால்

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் தாழ்ந்து கிடந்த அந்த நிலத்தை நானும் என் கணவரும் குத்தகைக்கு எடுத்தபோது வேறு யாரும் அதைச் சீந்தவில்லை. பார்வைக்கு நல்ல மண்தான். மணலும் வண்டலும் கலந்து, கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். ஆனால் ஒரு முழம் வெட்டினால் சாம்பல் நிறக் களி. அதில் துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள். பெய்த மழை அந்தக் களியைத் தாண்டி இறங்காது. கீரை விதைத்தால் முளைக்கும், நாலு இலை விடும், பிறகு வேர் அழுகிச் சாயும்.

மண்ணைக் கூட்டி மேட்டுப்பாத்திகள் போட்டோம். நடுவே வாய்க்கால் வெட்டி, நீரைப் பள்ளத்து ஓடையில் கொண்டுபோய் விட்டோம். என் கை காய்த்துப்போனது. அதற்குப் பிறகுதான் தண்டுக்கீரையும் வெண்டையும் நிலைத்தன. கூடையோடு போனால் வெயில் ஏறுமுன் விற்றுவிட்டு வருவேன்.

பக்கத்தில் எருமை வியாபாரி ஒருவர் கொட்டகை போட்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நிலச்சொந்தக்காரர் ஒருவரே. ஒருநாள் விடிந்து பார்த்தால் பாத்தியெல்லாம் தண்ணீர். வாய்க்கால் ஓடையில் சேரும் இடத்தை மண் கொட்டி அடைத்து, தேங்கிய நீரில் எருமைகளைப் படுக்கவிட்டிருந்தார் அந்த வியாபாரி.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க?" என்றேன்.

"மாடு படுக்க வேணாமா? கீரைதானே, போனா போவுது."

"அப்ப நாங்க சோத்துக்கு என்ன பண்றது?"

"உன் வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா. பொம்பளைகிட்ட என்ன பேச்சு?"

மண்வெட்டியை எடுத்து அவர் கண்முன்னாலேயே அடைப்பை வெட்டினேன். "வேணாம், வேணாம்" என்று ஓடிவந்த என் கணவர், நீர் இரைந்து ஓடுவதைப் பார்த்ததும் தானும் இறங்கி மண்ணை வாரி எறிந்தார்.

மாலையில் நிலச்சொந்தக்காரர் குதிரை வண்டியில் வந்தார். வியாபாரி சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

"எருமைக்குத்தான் இந்த நிலம் லாயக்கு. தண்ணி நிக்கிற எடத்துல கீரை போட்டது உங்க தப்பு. காலி பண்ணிடுங்க" என்றார்.

எங்கள் பாத்தியின் மேல் செருப்போடு நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். சேறு படாமல் அவர் நிற்க இடம் கிடைத்ததே நாங்கள் மேடு கட்டியதால்தான்! அதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

இருந்த கீரையில் ஒரு தழைகூட எருமைக்கு விடவில்லை. வேரோடு பிடுங்கித் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தேன். என் கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி சுமக்கப் போனார். அவர் முகமெல்லாம் கரியோடு திரும்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இத்தனை காலம் ஆகியும் அது ஆறவில்லை.