அரிசி என்று எழுதிய டப்பா

மூய் என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்டு வருஷத்தில் பிறந்தவள். அதே சொல்லுக்கு வாசனை என்றும் அர்த்தம் உண்டு. ஹனோய் மேற்கு ஏரிக்கரையில் தாமரைத் தேயிலை பக்குவம் பண்ணுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் அமையாது. சந்தில் கேலி செய்ய வேறு சங்கதி கிடைக்காத நாளில் இதை வைத்து ஓட்டுவோம்.

நான் குளத்துக்காரன். பூக்காலத்தில் விடியுமுன் படகில் போய், இதழ் விரியாத பூவாகப் பார்த்துப் பறித்து, வெயில் ஏறுமுன் அவள் வாசலில் இறக்குவேன். இருபது வருஷமாக இதுதான். ஒரு பூவை எடுத்து மூக்கருகில் பிடிப்பாள். "இது நேத்து மழையில நனைஞ்சது" என்று திருப்பித் தருவாள். மறுத்துப் பேச முடியாது, நனைந்ததுதான். சீசன் முடியும்வரை அவள் வீட்டில் வாசனைச் சோப்பு கிடையாது, பூண்டு கிடையாது. மூங்கில் குழாயில் புகையிலை இழுத்துவிட்டுப் போனால் என்னைப் படியேற விடமாட்டாள். பத்தடி தள்ளி நின்று கத்திப் பேச வேண்டும்.

தாமரைக்குள் மஞ்சள் இழைகள் இருக்கும் இல்லையா, அதன் நுனியில் வெள்ளையாக ஒரு மணி. மணம் முழுக்க அதில்தான். அதை நாங்கள் அரிசி என்போம். நூறு பூ உரித்தால் ஒரு கைப்பிடி தேறும். ஈர அரிசி தேயிலையோடு போய்விடும். மிஞ்சினதை நிழலில் காயவைத்து டப்பாவில் போடுவாள். அது தூக்கத் தேநீருக்கு. காய்ந்த அரிசி, தாமரை விதைக்குள் இருக்கும் பச்சை முளையை வறுத்தது, சாமந்தி, அதிமதுரம். தேயிலை சேராது. தூக்கம் வராத கிழடுகள் பாதிப் பேர் அவள் பொட்டலத்துக்கு அடிமை.

அவள் புருஷன் லுவாங், தாய்பின் என்கிற நெல் விளையும் மாகாணத்துக்காரன். சந்து முனையில் பஞ்சர் கடை. நல்லவன்தான். ஆனால் இத்தனை வருஷமாகியும் அரிசி என்றால் அவனுக்குச் சோறுதான் ஞாபகம் வரும்.

இந்த வருஷம் எலித் தொல்லை. விதை மூட்டையைக் குடைந்து நாசம் பண்ணிவிட்டன. லுவாங் சந்தையில் மருந்து வாங்கிவந்து குருணை அரிசியை அதில் ஊறவைத்துக் காயவைத்தான். தண்ணீர் மாதிரி மருந்து, நிறம் இல்லை. அவன் ஊரில் ஒரு நம்பிக்கை. எலி, மருந்து இந்த இரண்டு சொல்லையும் வீட்டுக்குள் சொல்லக்கூடாது, எழுதவும் கூடாது. எலி கேட்டுவிடும், அப்புறம் தொடாது. அதனால் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. பழைய டப்பாவில் கொட்டி, மேலே "அரிசி" என்று மட்டும் எழுதி, பேத்திக்கு எட்டாத உயரத்தில் வைத்தான். வீட்டில் அந்த உயரத்தில் இருக்கிற ஒரே தட்டு மூயின் தேநீர்த் தட்டு.

அன்று மத்தியானம் நான் அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஐஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூய் உள்ளே சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். லுவாங் ஏணியிலிருந்து டப்பாவோடு இறங்கிவந்து தாழ்ந்த குரலில் கேட்டான்.

"மீசைக்காரருக்கு வச்சதுல ஒரு பிடி குறையுதே. நீயா பார்த்து எடுத்து மூலையில போட்டியா?"

"எந்த மீசைக்காரரு?"

அவன் வாயால் சொல்லவில்லை. இரண்டு பல்லை வெளியே காட்டி, சுவரை நகத்தால் பிறாண்டிக் காட்டினான். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சல்லடை கையிலிருந்து விழுந்தது.

காலையில் அந்த டப்பாவிலிருந்துதான் ஒரு பிடி எடுத்திருக்கிறாள். தன் டப்பாவில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, பக்கத்தில் இன்னொரு அரிசி டப்பா கண்ணில் பட்டது, காய்ந்த மணியும் குருணையும் பார்க்க ஒன்றுபோலத்தான், இரண்டையும் கலந்துவிட்டாள். ஒரே பொட்டலம். அதைத் தியெப் ஐயா வீட்டில் கொடுத்துவிட்டும் வந்துவிட்டாள். தியெப் ஐயாவுக்கு எண்பத்தொன்று. பகலிலும் ஒரு தம்ளர் குடித்துவிட்டுத்தான் சாய்வார்.

மூய் ஐயா வீட்டுக்கு ஃபோன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. லுவாங் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் மூயை வண்டியில் ஏற்றினேன். ஏரியைச் சுற்றிப் போக வேண்டும். என் சட்டையைப் பின்னாலிருந்து அவள் பிடித்த பிடியில் காலர் கழுத்தை அறுத்தது.

"மூக்குல வச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே. குருணைக்கு ஏது வாசனை? நீ எப்படி விட்டே?" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"அண்ணே, எனக்கு மூக்கு செத்துப் போச்சு. புத்தாண்டுல வந்த காய்ச்சலோட போனது, திரும்பல."

"நேத்துகூட என் பூவைத் திருப்பித் தந்தியே."

"பூவை எங்க பார்த்தேன்? உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன். ஏமாத்துற அன்னிக்கு நீ காலைச் சொறிவே."

வேறு நாளாக இருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

தியெப் ஐயாவின் சம்சாரம், பழைய வாத்தியாரம்மா, கதவைத் திறக்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டார். மூய் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஐயா கோரைப்பாயில் வாய் திறந்து கிடந்தார். தலைமாட்டில் காலித் தம்ளர். அடியில் நாலு வெள்ளை மணி ஒட்டியிருந்தது.

மூய் அவர் காலைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. நான் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். ஃபேன் காற்றுதான் பட்டது, அவர் மூச்சா என்று தெரியவில்லை. ஃபேனை நிறுத்துங்கள் என்றேன். வாத்தியாரம்மா ஒன்றும் புரியாமல் ஸ்விட்சைத் தேடினார். மூய் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

ஃபேன் நின்றது. ஐயா ஒரு கண்ணைத் திறந்தார்.

"பூக்காரன் எதுக்கு என் மூக்குல கையை வச்சிருக்கான்?"

நான் கையை வெடுக்கென்று எடுத்தேன். மூய் தவழ்கிற மாதிரி வந்து, "அம்மா, இந்தத் தம்ளர் எந்தப் பொட்டலம்?" என்று கேட்டாள்.

"பழசுதான். புதுசு வந்தா முதல்ல பெரியவங்களுக்கு வைக்க வேணாமா? நாளைக்குத்தான் இறக்குவேன்."

புதுப் பொட்டலம் மூதாதையர் மாடத்தில், ஊதுவத்திக்கும் அவர் மாமனார் படத்துக்கும் நடுவே, பிரிக்காமல் இருந்தது.

அப்போதும் மூய் நம்பவில்லை. ஒரு பேசினில் தண்ணீர் கேட்டாள். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் கையால் அலசினாள். சாமந்தி மிதந்தது. தாமரை அரிசி மிதந்தது. அதிமதுரச் சீவல் கீழே போயிற்று. அதைச் சுற்றிக் குருணை மெதுவாக இறங்கிப் படிந்தது. ஒன்று இரண்டு இல்லை. பேசின் அடி வெளுத்துப் போயிற்று. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூய் எல்லாவற்றையும் சொன்னாள். டப்பாவை, காய்ச்சலை, மூக்கை. சந்து முழுக்கத் தெரிந்தால் தன் பிழைப்பு முடிந்தது என்று தெரிந்தேதான் சொன்னாள். வாத்தியாரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயா காலித் தம்ளரை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"நாலு மாசமா உன் தேநீர்ல மணம் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. எனக்குத்தான் புலன் அவிஞ்சு போச்சு, அடுத்தது உயிருதான்னு நெனச்சேன். பயத்துல இவகிட்டகூடச் சொல்லல" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாக, "முன்னாடியே சொல்றதுக்கென்ன பாவி?" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வாரம் கொடுத்த மற்ற பதினொரு பொட்டலத்தையும் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கினாள். கலந்தது ஒன்றுதான் என்று லுவாங் சத்தியம் பண்ணினான். காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றையும் தண்ணீரில் கொட்டிப் பார்த்தாள். குருணை ஒரு மணி இல்லை. இருந்தும் எல்லாவற்றையும் குழிதோண்டிப் புதைத்தாள். ஏன் என்று கேட்ட வீட்டிலெல்லாம் உள்ளதைச் சொன்னாள். பாதிப் பேர் அதோடு அவளிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். தியெப் ஐயா நிறுத்தவில்லை.

இப்போது லுவாங் டப்பாவில் சிவப்பு மையில் எலி என்று பெரிதாக எழுதிவைத்திருக்கிறான். அதனால்தான் ஒரு எலியும் விழவில்லை என்று புலம்புகிறான்.

மூக்கு இன்னும் திரும்பவில்லை. காலையில் அவள் பூவை எடுத்து என் மூக்கருகில் நீட்டுகிறாள். என் சரக்குக்கு நானே குற்றம் சொல்ல வேண்டும். அதற்காகப் புகையிலைக் குழாயைக்கூட விட்டுத் தொலைத்தேன். பொட்டலம் கட்டுமுன் தன் அரிசி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுகிறாள். போட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பாள். ஒன்றும் அடியில் இறங்கவில்லை என்று தெரிகிறவரை மூச்சு விடமாட்டாள். படியில் நிற்கிற நானும்தான்.