மாரிக்குக் காணும் விறகு

என் கையெழுத்து வாசிப்பவர்களுக்குக் கரைச்சல் தரும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவன் நான். நாலு பேர் கூடினால் பேசவும் வராது. ஆனால் ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் ஒரு விஷயத்தை மட்டும் என்னிடம் வந்து கேட்பார்கள். ஒரு வீட்டுக்கு மாரிகாலத்துக்கு எவ்வளவு விறகு காணும், எவ்வளவு இருந்தால் போதும் என்பதுதான் அது.

மழை தொடங்கினால் காட்டுக்குள் போக முடியாது. பாதை சேறாகிவிடும். பற்றைக்குள் யானை நின்றாலும் தெரியாது. அதனால் ஆவணி, புரட்டாதியிலேயே பட்ட மரங்களைத் தறித்து, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து அடுக்கிவிட வேண்டும். காஸ் விலை ஏறிய பிறகு எங்கள் வீட்டில் விறகடுப்பு மட்டும்தான். குசினியின் பின்சுவர் நீளத்துக்கு, என் நெஞ்சளவு உயரத்தில் அடுக்குவேன். தைப்பொங்கலுக்குப் பானை வைக்கும்போது அடி வரிசை மிஞ்சியிருக்கும். என் கணக்கு ஒரு வருடமும் பிழைத்ததில்லை. "ரெண்டு பேருக்கு நெஞ்சளவு, பிள்ளையள் இருந்தால் கழுத்தளவு" என்று மற்றவர்களுக்கும் சொல்லி வந்தேன். எனக்கிருந்த பெருமை அது ஒன்றுதான்.

போன மாரியில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மனைவி ஓமந்தைக்குப் போய்விட்டாள். வயலைப் பார்க்க நான் தனியே நின்றேன். வழக்கம்போல் நெஞ்சளவு அடுக்கியிருந்தேன். ஓராளுக்குத்தானே, பாதிக்கு மேல் மிஞ்சும் என்று நினைத்தேன். மார்கழி நடுவிலேயே வெறும் சுவர் தெரிந்தது. நான் ஒன்றையும் வீணாக்கவில்லை. இரண்டு நேரம் சமைத்தேன். தேத்தண்ணி வைத்தேன். வயலிலிருந்து நனைந்து வந்து சுடுதண்ணீரில் குளித்தேன். கொஞ்ச நேரம் அடுப்படியில் குளிர் காய்ந்தேன்.

யாரோ களவெடுக்கிறார்கள் என்று எண்ணிப் பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணனின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். மச்சாள் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"விறகுக் கணக்கருக்கு விறகு முடிஞ்சு போச்சோ? உங்கடை விறகை ஆர் மச்சான் எடுக்கப் போறான்?"

"இல்லை மச்சாள், ஒவ்வொரு வருசமும் ரெண்டு பேருக்குக் காணுறது…"

"எங்கை காணுறது? உங்கடை மனுசி எல்லோ காண வைச்சவா."

எனக்கு விளங்கவில்லை. மச்சாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மழைக்குள்ளை சாக்கைத் தலையிலை போட்டுக்கொண்டு தென்னம்பாளை பொறுக்கினது ஆர்? நீங்கள் வயலுக்குப் போனாப் பிறகு அந்த ஈரப்பாளையை ஊதி ஊதிச் சமைச்சது ஆர்? உங்களுக்குக் குளிக்கச் சுடுதண்ணி, தனக்குப் பச்சைத்தண்ணி. நெஞ்சளவு காணும் எண்டு நீங்கள் ஊருக்கெல்லாம் சொன்னால், அவா பிறகு என்ன செய்யிறது?" சுளகைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "உங்கடை கணக்கை நம்பி எங்கடை வீட்டிலையும் மாரி முழுக்க இரவிலை சமையல் இல்லை, கடைப் பாண்தான்" என்றார்.

மாரி வந்தால் மனைவியின் விரல்கள் மடங்காது. தேங்காயைத் துருவச் சொல்லி என்னிடம் தருவாள். வயது போகிறது என்று பகிடி பண்ணியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரிக்குக் குளிரே தெரியாது என்று சந்தியில் நின்று சொல்லியும் இருக்கிறேன்.

அன்று பின்னேரம் ஓமந்தையிலிருந்து அவளே போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, விறகு கிடக்கோ?"

"ஓம்… கணக்காக் கிடக்கு."

"கிடக்கும். உங்கடை கணக்குப் பிழைக்காது."

குரலில் கேலி ஒரு துளியும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு வேலித்தடியை முறித்து அடுப்பில் வைத்தேன். அது எரியவில்லை. குசினி முழுக்கப் புகைந்தது.

இந்த வருடம் கூரை முட்ட அடுக்கினேன். அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, விறகுக்கடை போடப் போறியளோ?"

"முந்தின கணக்கெல்லாம் பிழை" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

"ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள். இப்போது யாராவது கணக்குக் கேட்டு வந்தால், "உங்கடை வீட்டிலை அடுப்பு மூட்டுறவையைக் கேளுங்கோ" என்று சொல்லி அனுப்புகிறேன்.

ஆனாலும் அவளுடைய பழக்கம் போகவில்லை. மழை தொடங்கியதும் எரிகிற கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைக்கிறாள். கிணற்றடியில் பச்சைத்தண்ணீரைத்தான் அள்ளி வார்க்கிறாள்.

இன்று காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, வாளியில் விளாவிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

"குளிக்கப் போறியளோ?" என்று கேட்டாள்.

"இல்லை. உமக்கு."

"எனக்குப் பச்சைத்தண்ணிதான் ஒத்துவரும். தேவையில்லாமல் விறகை எரிச்சுப் போட்டியள்."

நான் வாளியைத் தூக்கவில்லை. அந்த இடத்தை விட்டுப் போகவும் இல்லை. சூடு பார்ப்பதுபோல் அவள் ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். பிறகு மற்றக் கையையும் விட்டாள். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஆறும்வரை கைகளை வெளியே எடுக்கவும் இல்லை.

சொல்ல முடியாததை இன்றைக்குத்தான் எழுதி முடித்தேன். கார்த்திகை இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை.