பால் காய்ச்ச அழைத்தவன்

தரவுத்தள வேலையில் தேர்ந்த ஒருவர் அரியமங்கலத்துத் தொழிற்சாலையிலேயே அமர்ந்து பணியாற்ற வேண்டும் என்பது, ஆலைக்காரர்கள் எங்கள் சிறு நிறுவனத்துக்கு விதித்த நிபந்தனை. ஆள் கிடைக்காவிடில் ஒப்பந்தம் போட்டியிலிருந்த சென்னை நிறுவனத்துக்குப் போய்விடும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. அனுபவமுள்ளவர்களில் பெரும்பாலோர் பெங்களூரில் இருந்தார்கள். வீட்டிலிருந்தே செய்து தருகிறோம் என்றார்கள்.

என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்து, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் தோழன் வருவதாகச் சொன்னான். நியமனக் கடிதம் அனுப்பினேன். இத்தொழிலில் பழைய இடத்தை விட்டு விலக மூன்று மாதம் ஆகும். புதிய இடத்தின் நியமனக் கடிதத்தைக் காட்டி அதற்குள் பழைய இடத்திலோ வேறிடங்களிலோ சம்பளப் பேரம் பேசுவது வழக்கம். ஆகவே, எடுப்பவர்களும் இன்னொருவரைக் கைவசம் வைத்திருப்பார்கள். நானும் கைலாசபுரத்துப் பெண்மணி ஒருவரைக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன்.

இதற்கிடையில் தோழன் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடெடுத்து, பால் காய்ச்ச அழைத்தான். பால் பொங்கியதும் முதல் தம்ளரை என்னிடம் நீட்டி, “இனிமே தினமும் உன் மூஞ்சிலதான்டா முழிக்கணும்,” என்றான். குடிபுகாத வீட்டில் எவரும் பால் காய்ச்சுவதில்லை. மறுநாளே அந்தப் பெண்மணிக்கு இடமில்லையென்று தெரிவித்துவிட்டேன்.

பணியேற்கும் நாளன்று ஆலை வாயிலில் நின்றேன். அவனுக்கென மேசையும் நுழைவு அட்டையும் உள்ளே ஆயத்தமாக இருந்தன. அவனுடைய கைபேசி அணைந்திருந்தது. உடல்நலக் குறைவோ என்று அஞ்சிக் காவிரிப் பாலத்தைக் கடந்து அவ்வீட்டுக்கே போனேன்.

கதவைத் திறந்தவர் அவன் தந்தை. கூடத்தில் கட்டிலும் மருந்துப் பெட்டியும் இருந்தன. மகன் எங்கே என்று கேட்டேன்.

“அவன் பெங்களூர்லதானே இருக்கான்? நாங்கதான் துறையூர்லேந்து வந்துட்டோம். கோயில் பக்கத்துல இருக்கணும்னு அவன் அம்மாவுக்கு ஆசை.” உட்காரச் சொல்லிவிட்டு, வாஞ்சையோடு தொடர்ந்தார்: “உங்க ஆபீஸ் ஆர்டரைக் காட்டினப்புறம்தான் அங்க சம்பளத்தை ஏத்திக் குடுத்தாங்களாம். அதுலதான் இந்த வீடு. எல்லாம் உங்களாலதான்னு சொல்லிட்டே இருக்கான். நீங்க நல்லா இருக்கணும் தம்பி.”

அவரிடம் சினங்கொள்ள வழியில்லை. காபி வந்தது, குடித்துவிட்டு எழுந்தேன்.

தெருவில் நின்று ஆலை மேலாளரை அழைத்து, ஆள் வரமாட்டார் என்றேன். அவர் கடிந்து பேசவில்லை. “அப்ப சென்னைக்காரங்களை வரச் சொல்லிடறேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். கைலாசபுரத்துப் பெண்மணி வேறிடத்தில் சேர்ந்துவிட்டிருந்தார்.

மாலையில் தோழனிடமிருந்து செய்தி வந்தது: “சாரிடா. நீ புரிஞ்சுக்குவேன்னு தெரியும்.”

புரிந்துகொண்டேன். பால் காய்ச்சியது பொய்யன்று. பெற்றோர் குடிபுகத்தான் காய்ச்சினான். அதைக் காண என்னை அழைத்ததே பொய்.