இரண்டு அங்குல சப்போர்ட்

கிடாருக்குள் கையை விடுவதற்காக அண்ணி தன் வலது கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னலோரம் வைத்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அண்ணன் இறந்தபோது உறவுக்காரப் பெண்கள் சிலர் அந்த வளையல்களைக் கழற்றச் சொல்லி வந்து நின்றார்கள். நாங்கள் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தக் குடும்பம். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. "என் கைய யாரும் தொடாதீங்க" என்று அண்ணி சொன்னதும் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர், நான் செய்து வைத்த கூத்துக்காக அவற்றைத் தானே கழற்றினார். சிரித்துக்கொண்டேதான் கழற்றினார்.

அண்ணனும் அண்ணியும் ஜோடியாகப் பாடுகிறவர்கள். வைகாசிப் பௌர்ணமிக்கு எங்கள் விகாரை முன்னால் மேடை போட்டால், ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து ஜனம் அவர்கள் பாட்டுக்கென்றே வந்து உட்காரும். அண்ணன் போனபின் அண்ணி பாடுவதை விட்டுவிட்டார். பௌர்ணமிக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். ஒரு வருஷம் விகாரைக்காரர்கள் வீட்டுக்கே வந்து பாடச் சொல்லிக் கேட்டார்கள். அவர்கள் போனபிறகு என்னிடம் சொன்னார்: "பக்கத்துல அவரு இல்லாம சும்மா நிக்க முடியாது தம்பி. கை ரெண்டையும் எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல. கையில ஒரு கிடார் கீதுன்னா பாடிடுவேன்." பள்ளிக்கூடத்தில் கிடார் கற்றவர் அவர். நான் அப்போது தினமும் காலை ரயிலில் பெங்களூரு போய் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். உடைந்த கிடார் ஒன்றிரண்டை ஒட்டிக் கொடுத்த தைரியத்தில், "நானே செஞ்சி குடுக்குறேன் அண்ணி" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கிடாரின் இடுப்பைப் போல வளைந்து வரும் இரண்டு பக்கப் பலகைகளும் அடியில் சந்திக்கும் இடத்தில், உள்பக்கமாக ஒரு கட்டையை ஒட்டுவார்கள். அடிக்கட்டை. அது எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஆனால் நான் சுரங்கத்துக்காரன் பிள்ளை. அப்பா பூமிக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் அதற்கு சப்போர்ட் என்று பேர். சப்போர்ட் மெலிந்தால் மேலே இருப்பது தலையில் இறங்கிவிடும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். சுரங்கம் மூடிய பிறகும் அந்தப் பயம் மூடவில்லை. இங்கே கோழிக்கூண்டு கட்டினாலும் யானை ஏறி நிற்கலாம். நானும் கிடார் தந்திகள் இழுக்கிற இழுப்பையெல்லாம் யோசித்து, முக்கால் அங்குலம் போதும் என்கிற இடத்தில் இரண்டு அங்குலக் கட்டையை வைத்து ஒட்டி, பெட்டியை மூடி, பாலிஷும் போட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

அதன் பிறகுதான் ஜாக் வாங்கி வந்தேன். மேடையில் இருக்கும் ஒரே மைக் பாடுகிறவருக்கு. கிடார் சத்தம் வயர் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். அந்த வயரைச் செருகும் ஜாக், அடிக்கட்டையில் போட்ட துளைக்குள் உள்ளிருந்து நுழைந்து, மரை வெளியே தலை நீட்டினால்தான் நட்டுப் போட்டு இறுக்க முடியும். என் கட்டைக்குள் போன ஜாக் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பௌர்ணமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது. பெட்டியைப் பிளந்தால் திரும்ப ஒட்டிக் காய வைக்க நாளில்லை. உளியை உள்ளே விடலாமென்றால் கிடாரின் முன்பக்க வட்ட ஓட்டையிலேயே என் முன்னங்கை சிக்கிக்கொண்டது. அண்ணியிடம் போய்ச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வருஷம் மேடை ஏறாவிட்டால் இனி அவர் ஏறவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "இன்னாப்பா இது, இம்மாம் சப்போர்ட் குட்த்துகீற? உள்ள ஷிப்டுக்கு ஆள் எறக்கப் போறியா?" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு, "என் கை போவும், இன்னா பண்ணணும் சொல்லு" என்று வளையலில் கை வைத்தார்.

வெளியிலிருந்து துளை வழியாக ஒரு கம்பியை உள்ளே விட்டேன். அண்ணி ஓட்டை வழியாகக் கையை விட்டு, உள்ளே அதன் முனையில் மரம் சீவுகிற அகலமான தகட்டை மாட்டினார். நான் கம்பியை என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு கையாலேயே சுற்றினேன். தகடு உள்பக்கத்துக் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி மெலிய வைத்தது. தூளை அவர் விரலால் வழித்துவிட்டார். சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜுக்கு மணி அடிப்பது போல, இடது கையால் பெட்டியில் ஒரு தட்டு தட்டினால் நான் நிறுத்த வேண்டும். அவருடைய முழங்கைக்குக் கீழே சிவந்து தடித்துவிட்டது. நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, "சுத்துப்பா, சும்மா பேசாத" என்று அதட்டினார். சாயங்காலம் ஜாக்கின் மரை வெளியே தலை காட்டியது.

இப்போது கிடார் செய்வதே என் பிழைப்பு. பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். காலை ரயிலுக்கு ஓடுவதில்லை. அடிக்கட்டை எவ்வளவு வைப்பீர்கள் என்று யாராவது கேட்டால், ஜாக்கை முதலில் கொண்டு வாருங்கள், அளந்து சொல்கிறேன் என்பேன். அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை கடிந்திருந்தால் அதற்கப்புறம் நான் மரத்தைத் தொட்டிருக்க மாட்டேன்.

அந்தப் பௌர்ணமியன்று நான் மேடைக்குக் கீழே, ஜாக் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி முதல் அடியை நன்றாகவே பாடினார். இரண்டாவது, அண்ணன் எடுத்துப் பாடுகிற அடி. அந்த இடம் வந்தது. வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. ஆனால் கை நிற்கவில்லை. அண்ணன் பாடுகிற அந்த அடி முழுவதும் கிடார் மட்டும் ஸ்பீக்கர் வழியாக மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. அடி முடிந்ததும் அண்ணி மூச்சை இழுத்து, தன்னுடைய அடியைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டார்.