மாப்பிள்ளை அனுப்பிய நாவல்

பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பார்கள், போட்டோ கேட்பார்கள். என்னிடம் கேட்டது அபிப்பிராயம்.

மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான மறுவருஷம். எனக்கு இருபத்தொரு வயது. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். அம்மா நாலு வீட்டில் துணி துவைத்து என்னை ஏழாவது வரை படிக்க வைத்திருந்தாள். தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்து மூத்த மகனுக்கு என்னைக் கேட்டார்கள். அந்த மகன் ஒரு நாவல் எழுதிச் சொந்தமாக அச்சடித்திருந்தார். தரகர் அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பொண்ணு படிச்ச பொண்ணாமே. இதைப் படிச்சிட்டு எப்படி இருக்குன்னு எழுதி அனுப்பட்டும். மாப்பிள்ளைக்கு அதுதான் முக்கியமாம்."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கு அப்போதே எரிச்சல்தான். கட்டிக்கப்போகிறவளுக்குப் பரீட்சை வைக்கிறாராம், பெரிய துரை!

வாலிபர்களுக்கான நாவல் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. வருங்காலத்தில் நடக்கிற கதை. குண்டு விழுந்து உலகம் பாதி அழிந்துபோகிறது. மிச்சமிருக்கிற ஊரை ஒரு கொடுங்கோலன் பிடித்துக்கொண்டு, அரிசியையெல்லாம் பூட்டி வைத்து ஆளுகிறான். ஐந்து வாலிபப் பிள்ளைகள் காட்டுக்குள் தப்பி ஓடி, ஒரு வருஷம் உயிர் பிழைத்துக் கிடக்கிறார்கள்.

பிழைக்கிற லட்சணத்தைக் கேளுங்கள். மூன்று மாதம் பட்டினி, கதாநாயகி தலையில் மட்டும் மல்லிகைப் பூ வாடவில்லை. கதாநாயகன் பசி எடுத்தால் பாறைமேல் ஏறி நின்று விடுதலையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறான். பசித்தவன் பேசுவானா? ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் புக்கிட் ரம்பாய் பக்கம் தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில் இருந்தோம். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. சாயங்காலமானால் லயத்தில் ஈ எறும்பு சத்தம்கூட இருக்காது. வாயைத் திறந்தால் இன்னும் பசிக்கும் என்று எங்களைப் போன்ற பொடிசுகளுக்கே தெரியும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஏழாம் அத்தியாயத்தில்தான் புத்தகத்தை மூலையில் வீசினேன். காட்டோரத்தில் இவர்களுக்கு மரவள்ளி கிடைக்கிறது. கிழங்கைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, தண்டையெல்லாம் குவித்து நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள்! அடப்பாவிகளா! பச்சைத் தண்டு எரியாது, புகையும் என்பது இருக்கட்டும். நாங்கள் கிழங்கைப் பிடுங்கினால், தண்டைச் சாண் சாணாக நறுக்கி அங்கேயே ஊன்றிவிட்டுத்தான் அடுப்பங்கரைக்கு வருவோம். கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் ஊன்றாமல் வரமாட்டோம். ஊன்றாவிட்டால் அடுத்த வருஷம் மண்ணையா தின்பது? இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம், நாலு நாள் பட்டினி கிடந்தால் போதும், தானாக வரும்.

உட்கார்ந்து எழுதினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, இந்த ஏட்டு மரவள்ளியும் அப்படித்தான் என்று ஆரம்பித்தேன். பூவையும் பிரசங்கத்தையும் தண்டையும் கிழிகிழியென்று கிழித்தேன். இதை எழுதியவர் ஒரு வேளைகூடப் பசியோடு படுத்தவரில்லை, அப்படிப்பட்டவரோடு எனக்கு ஒத்துவராது என்று முடித்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "என்ன எழுதியிருக்கே, படி" என்றாள். ராகம் போட்டுப் படித்தேன். தண்டை எரித்த இடத்தில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "தண்டையா எரிச்சானுங்க? மடப் பசங்க!" கடைசி வரி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதை இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"அவன் பசியோட படுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? ஜப்பான்காரன் காலத்துல உன்னைத் தூக்கிக்கிட்டு ரம்பாயிலேருந்து நடந்தே போயி, இவங்க கடை வாசல்லதான் ஒரு கைப்பிடி அரிசிக்கு நின்னேன். ஏழு வயசுப் பிள்ளை, இடுப்புல தூக்குற கனம்தான் இருந்தே. அரிசி இல்லைன்னுட்டாங்க. உள்ளே சோறு கொதிக்கிற வாசம் வருது. பசின்னா என்னன்னே தெரியாத வீடா உனக்குப் பார்க்கணும்னு அன்னைக்கு நெனைச்சதுடீ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "துரத்திவிட்ட அந்த வாசலுக்கா என்னை அனுப்புறே?" என்று கத்தினேன்.

"வாசலுக்கு இல்லடி" என்றாள் அம்மா. "உள்ளே."

எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அழுதுகொண்டே வேறு தாள் எடுத்து, நாவல் மிகவும் அருமை என்று எழுதிக் கொடுத்தேன்.