கழுகு வாலில் எத்தனை இறகு?

அயோவாவில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய வெர்னான் டட்டிலுக்கு ஊரில் ஒரே ஒரு பகையாளி, பல் மருத்துவர் கிளைட் ராஸ்முசன். பகைக்குக் காரணம் ஒரு வால்.

1878இல் வந்த அமெரிக்க வெள்ளி டாலர் நாணயத்தின் பின்புறக் கழுகுக்கு முதலில் வாலில் எட்டு இறகு வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே ஏழாக்கிவிட்டார்கள். வெர்னான் முதன்முதலில் வாங்கியது எட்டு இறகு நாணயம். ஆகவே அவருக்கு அதுதான் அசல் கழுகு. கிளைடுக்கு ஏழு. ஊரின் நாணயம் சேகரிப்போர் சங்கத்தின் பதினான்கு பேரும் இரண்டு கட்சியானார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் கூட்டத்தில் எதிரெதிரே நாற்காலி போட்டு முறைத்துக்கொண்டார்கள்.

டாலருக்கு நூறு வயதாகப் போகும் ஜனவரியில், விழா கேக்கில் எந்தக் கழுகை வரைவது என்று கைகலப்பு வரை போனது.

“கழுகைத் தெரிஞ்சவங்களைக் கேட்டுத் தொலைங்களேன்!” என்றாள் வெர்னானின் மனைவி லூயெல்லா.

வனவிலங்கு அலுவலகத்திலிருந்து ஐரீன் ஹோல்ம் என்ற அம்மாள் வந்தார்.

“பன்னெண்டு,” என்றார்.

கீழ்த்தளத்தில் பதினான்கு நாற்காலிகளும் அவர் பக்கம் திரும்பின.

“சரியா எண்ணினீங்களா?” என்றார் கிளைட்.

“இருபது வருஷமா அதான் என் வேலை.”

“நாணயத்தைப் பாத்தீங்களா?” என்றார் வெர்னான்.

“நான் கழுகைப் பாத்தேன், சார்.”

“அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க!” இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த அம்மாள் கையில் ஆப்பிள் பை என்ற பலகாரத்தில் ஒரு துண்டைக் கொடுத்து, இரு கட்சியும் சேர்ந்து வாசல்வரை கொண்டுபோய் விட்டது.

ஆனாலும் வெர்னானுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை தொலைநோக்கியோடு, குளிர்காலத்தில் கழுகுகள் வந்து உட்காரும் மிசிசிப்பி ஆற்றங்கரைக்குப் போனார். பக்கத்துக் காரில் கிளைட், அவர் கையிலும் தொலைநோக்கி.

“எத்தனை?” என்றார் வெர்னான், முகத்தைத் திருப்பாமல்.

“ஆறு எண்ணினேன், பறந்துடுச்சு. உனக்கு?”

“ஒம்பது. அதுக்குள்ள திரும்பி உக்காந்துடுச்சு.”

“நம்பவே முடியாத பறவைப்பா!”

ஃபிளாஸ்க்கிலிருந்த காப்பியைப் பங்கிட்டுக் குடித்தார்கள். கேக்கில் நாணயத்தின் முன்பக்கத்திலுள்ள சுதந்திர தேவியின் முகத்தையே வரைவது என்று முடிவானது. விழாவன்று கேக்கைப் பார்த்த பாதிப் பேர், தேவிக்கு இரட்டைத் தாடை வந்துவிட்டது என்று கூச்சல் போட்டார்கள். அசல் தாடையே அப்படித்தான் என்று வெர்னானும் கிளைடும் தோளோடு தோள் நின்று வாதாடினார்கள்.